ஈறுப்பையில் கிருமி பார்ப்பது: பானா அட்டை போதுமா, பிசிஆர் வேண்டுமா?

மோல்மியன் கிளினிக்:
எல்லாருக்கும் வணக்கம், மியான்மரின் மோல்மியன் ஊரிலிருந்து எழுதுகிறோம். எங்களிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் குன்யா (வெற்றிலைப்பாக்கு) போடுகிறவர்கள். பல்லில் காவிக்கறையும் தடித்த காரையும் இருக்கும். ஸ்கேலிங்கும் வேர் சுத்தமும் முடித்து மூன்று மாதம் ஆன பிறகும் சிலருக்கு ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான 6, 7 மில்லிமீட்டர் பையின் ஆழம் இறங்குவதில்லை, தொட்டால் இரத்தம் வருகிறது. இவர்களுக்கு மட்டும் பல்லில் ஒட்டிய கிருமிப் படலத்தை எடுத்துக் கிருமி பார்க்க நினைக்கிறோம். கிருமியின் நொதியை நிறம் மாறிக் காட்டும் பானா அட்டையை 55 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அதை எப்படிச் செய்வது? பேப்பர் பாயிண்டில் (ஈரம் உறிஞ்சும் மெல்லிய காகிதக் குச்சி) எடுத்து ஹைவே பஸ்ஸில் ரங்கோனுக்கு அனுப்பினால், கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆருக்குத் தாங்குமா? வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையும் சேர்த்துச் செய்யலாமா?

ஆய்வுமேசை:
பானா அட்டை எதைக் காட்டுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானெரெல்லா ஃபோர்சித்தியா, ட்ரெப்போனீமா டென்டிகோலா ஆகிய மூன்றிடமும் டிரிப்சின் போன்ற ஒரு நொதி இருக்கிறது. அது பானா என்ற பொருளைப் பிளக்கும். பிளந்து வருவது சாயத்தோடு சேர்ந்து நீலமாகும். இந்த மூன்றையும்தான் 1998இல் சாக்ரன்ஸ்கி குழுவினர் ‘சிவப்புத் தொகுதி’ என்று வகுத்தார்கள். அட்டை நீலமானால் மூன்றில் ஏதோ ஒன்றாவது இருக்கிறது என்று பொருள். எது என்று சொல்லாது. அக்ரிகேட்டிபேக்டர் ஆக்டினோமைசிட்டெம்கோமிட்டன்ஸுக்கு இந்த நொதி இல்லாததால் அதை அட்டை பார்க்கவே பார்க்காது. இருபது வயதுக்காரருக்கு முன்பல்லிலும் முதல் கடைவாய்ப்பல்லிலும் மட்டும் எலும்பு கரைந்திருந்தால், அட்டை வெள்ளையாக வந்ததை நம்பி விட்டுவிடாதீர்கள். அவருக்கு பிசிஆர்தான்.

செய்முறை: படலத்தை அட்டையின் கீழ்ப்பட்டையில் தடவுங்கள். மேல்பட்டையைக் காய்ச்சி வடித்த நீரால் ஈரமாக்கி, மடித்து, இரண்டும் ஒட்டும்படி வைத்துச் சூடாக்குங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் சாயம் கரைந்து பரவி, இல்லாத நீலம் இருப்பதுபோல் தெரியும். நேரம் 5 நிமிடமா 15 நிமிடமா என்பது அட்டைக்கு அட்டை மாறும். உறையில் அச்சிட்டிருப்பதையே பின்பற்றுங்கள், வெப்பநிலைக்கும் அப்படியே.

கரண்ட் இல்லாதபோது: அட்டையை நீர் புகாத சின்ன பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றை வெளியேற்றி, வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில் 56 அல்லது 57 டிகிரி வெந்நீரில் முக்குங்கள். பையும் அட்டையும் சிறிது சூட்டை இழுத்துக்கொள்ளும், அதற்குத்தான் அந்த ஒன்றிரண்டு டிகிரி. தெர்மாமீட்டரை உள்ளேயே விட்டுவையுங்கள். கொதிநீரை அப்படியே ஊற்றினால் நொதி செத்துப்போய், கிருமி நிறைந்த படலமும் வெள்ளையாக நிற்கும். இந்த முறையில் செய்யும் ஒவ்வொரு நாளும், படலம் தடவாத ஓர் அட்டையையும், ஆழமான பையிலிருந்து எடுத்து ஏற்கெனவே நீலம் காட்டிய வாயின் படலம் தடவிய ஓர் அட்டையையும் பக்கத்தில் வையுங்கள். முதலாவது நீலமானாலோ இரண்டாவது ஆகாவிட்டாலோ அன்றைய முடிவு எதையும் எழுத வேண்டாம்.

குன்யாக் கறை உங்களுக்குப் பெரிய தொல்லை தரும். காவித்துகள் மேல்பட்டையில் ஒட்டினால் பழுப்பு விழும். இளநீலத்தையும் பழுப்பையும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பிரித்தறிய முடியாது. வெற்று நீரால் நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லி, ஈறுக்கு மேலே உள்ளதை முழுக்கத் துடைத்த பிறகே மாதிரி எடுங்கள். முடிவைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஈறு சிகிச்சை:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் தவறுவது அட்டையில் இல்லை, மாதிரி எடுக்கும் இடத்தில்.

புரோப் (பையின் ஆழம் அளக்கும் கம்பி) வைத்து ஆழம் பார்த்த உடனே மாதிரி எடுக்காதீர்கள். புரோப் பட்டதும் இரத்தம் வரும், இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பிசிஆரைத் தடுக்கும். ஒரு வருகையில் ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்திலும் அளந்து எழுதிவிட்டு, அடுத்த வருகையில், எதையும் தொடும் முன் மாதிரியை எடுங்கள். வாயின் நான்கு பகுதியிலும் ஒவ்வொன்றிலும் மிக ஆழமான பை ஒன்று. பஞ்சுருளையால் எச்சிலைத் தடுத்து, ஈறோரத்தைப் பஞ்சால் ஒற்றி உலர்த்துங்கள். காற்றுக்குழாயைப் பைக்குள் நேராக அடிக்கக் கூடாது. கிருமி நீக்கிய 30ஆம் எண் பேப்பர் பாயிண்டை தடுக்கும் வரை மெல்ல இறக்கி 10 முதல் 20 வினாடி வைத்து எடுங்கள். சிவந்து வந்தால் எறிந்துவிட்டு அடுத்த ஆழமான பைக்குப் போங்கள். பானாவுக்கு க்யூரெட் (சுரண்டும் கருவி): பை அடியிலிருந்து மேலே ஒரே இழுப்பு, ஒரு பைக்கு ஒரு பட்டை, நடுவில் க்யூரெட்டைத் துடைப்பது கட்டாயம்.

பஸ்ஸில் அனுப்புவது பிசிஆருக்கு ஒத்துவரும். டிஎன்ஏ சூட்டை ஓரளவு தாங்கும், ஈரத்தைத் தாங்காது. பாயிண்டை உலர்ந்த குழாயில் போட்டு இறுக மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உறையில் வையுங்கள். மழைக்காலத்தில் இதை விட்டுவிட்டால் வழியிலேயே பூஞ்சை பிடிக்கும். திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறைக்கு முந்தைய வாரம் அனுப்பாதீர்கள், திறக்க ஆளிராது.

கல்ச்சரை விட்டுவிடுங்கள். காற்று பட்டால் சாகும் கிருமிகள் இவை. தனிக் கடத்துநீர் வேண்டும், 24 மணி நேரத்துக்குள் ஆக்சிஜன் இல்லாத பெட்டிக்குள் போக வேண்டும். ட்ரெப்போனீமா வழக்கமான தட்டில் வளரவே வளராது.

இருட்களம் (டார்க் ஃபீல்ட்) அல்லது ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப் இருந்தால் 400 மடங்கில் ஒரு துளி உப்புநீரில் படலத்தைக் கலந்து பாருங்கள். சுருள்கிருமிகள் நெளிவது கண்ணுக்கே தெரியும். மூடுகண்ணாடியின் ஓரத்தில் வாஸ்லின் பூசினால் நம் ஊர்ச் சூட்டில் காயாது. இனம் தெரியாது, ஆனால் நோயாளியிடம் காட்டிப் புரியவைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

மோல்மியன் கிளினிக்:
மிக்க நன்றி. நீலம் வந்தால் அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் தொடங்கிவிடலாமா? இங்கே பலர் மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

ஈறு சிகிச்சை:
நீலம் வந்ததற்காக மட்டும் தொடங்க வேண்டாம். இந்தக் கிருமிகள் ஈறு நலமாக இருப்பவர் வாயிலும் குறைந்த அளவில் இருக்கும். ஆழமும் இரத்தக்கசிவும் எக்ஸ்ரேயில் எலும்பும் சேர்ந்து சொன்னால்தான் நோய். உங்கள் நோயாளிகளில் முதலில் பார்க்க வேண்டியது வேரில் விடுபட்ட காரை, குறிப்பாகக் கடைவாய்ப்பல்லின் வேர் பிரியும் இடத்தில். அடுத்து ஹெச்பிஏ1சி (சர்க்கரை நோய்க்கான இரத்தச் சோதனை). அடுத்து புகை, புகைப்பவருக்கு இரத்தக்கசிவு குறைந்து தெரியும், நோய் குறைந்திருக்காது.

இவையெல்லாம் பார்த்தும் பை இறங்காதபோது, மறுபடி வேர் சுத்தம் செய்து படலத்தைக் கலைத்த கையோடு மருந்து. கலையாத படலத்துக்குள் மருந்து நுழையாது. வழக்கமான அளவு அமாக்ஸிசிலின் 500 மி.கி., மெட்ரோனிடசோல் 400 மி.கி., இரண்டும் நாளுக்கு மூன்று வேளை, 7 நாள். பெனிசிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் எழுதக் கூடாது. வார்ஃபரின் (இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல் இரத்தம் உறைவதை மேலும் குறைத்துவிடும், அவருடைய மருத்துவரிடம் பேசாமல் கொடுக்காதீர்கள். மருந்து நிற்கும் வரையும் அதற்குப் பின் இரண்டு நாளும் மது கூடாது.

ஆய்வுமேசை:
கடையில் மருந்து வாங்கிப் போட்டவர்களிடம் எந்த மருந்து, எப்போது நிறுத்தினார் என்று மாதிரி எடுக்கும் முன்பே கேட்டு எழுதுங்கள். மருந்து நிறுத்திய சில வாரத்துக்குள் எடுத்தால் கிருமி ஒளிந்திருக்கும், வெள்ளை அட்டைக்குப் பொருளே இல்லை. குளோர்ஹெக்சிடின் (கிருமிநாசினி) கொப்பளிப்பையும் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பின் பிசிஆர் எடுப்பதானால் மூன்று மாதம் பொறுங்கள். அதற்கு முன் செத்த கிருமியின் டிஎன்ஏவும் எண்ணிக்கையில் சேர்ந்து வரக்கூடும். முதல் முறை எந்தப் பல்லில் எந்தப் பக்கத்தில் எடுத்தீர்களோ அதே பையிலிருந்துதான் மறுமுறையும் எடுக்க வேண்டும், அதனால் பல் எண்ணோடு பக்கத்தையும் சீட்டிலும் குழாயிலும் எழுதிவிடுங்கள்.