1966 மினி கூப்பர் எஸ்: இது உண்மையிலேயே தொழிற்சாலை அணியின் ராலி வண்டிதானா?

இரட்டைத்தொட்டி (கேள்வி)

வணக்கம். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மினி கூப்பர் எஸ் வாங்கினேன். 1966 வண்டி, 1275 சி.சி. இருபது வருடம் ஒரு கொட்டகையில் கோழி எச்சத்துக்கு அடியில் கிடந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஆபிங்டனில் இருந்த பி.எம்.சி. (மினியைக் கட்டிய பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) போட்டிப் பிரிவின் வண்டி இது என்றும், ராலிக்கு முன் பாதையைப் பார்த்துக் குறிப்பெடுக்க ஓட்டியது என்றும் விற்றவர் சொன்னார். ஆதாரம் கேட்டேன். நம்பர் பிளேட்டைக் காட்டினார். பதிவு எண்ணில் ‘பிஎல்’ இருக்கிறது, கடைசியில் ‘டி’. 1967 மான்டி கார்லோ ராலியில் ரவுனோ ஆல்டோனன் வென்ற மினியின் எண் எல்பிஎல் 6டி. “அதே பிஎல், அதே டி, பார்த்தீர்களா?” என்றார். பார்த்தேன். கேட்ட விலையையும் கொடுத்துவிட்டேன்.

வண்டியை இறக்கிய பிறகுதான் புத்தி வந்தது. வெளியே அணி வண்டிகளைப் போலச் சிவப்பு, கூரை வெள்ளை. பின்சீட்டுக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கினால் வெளிர்பச்சை. பானெட்டைத் திறந்தால் சேசிஸ் எண் பொறித்த தகடு கறுத்துக் கிடக்கிறது, அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் மட்டும் நேற்று அடித்ததுபோலப் பளபளக்கின்றன. கூடவே பழைய லாக் புத்தகம் (வண்டியின் பதிவுப் புத்தகம்) ஒன்று வந்தது. முதல் பக்கத்தில் பாதி கிழிந்து, முதல் உரிமையாளரின் பெயரோடு போய்விட்டது. நிறம் என்ற இடத்தில் ‘பச்சை’ என்று எழுதி, அடித்து, வேறு பேனாவால் ‘சிவப்பு’.

டேஷ்போர்டில் பக்கத்து இருக்கைக்கு எதிரே நான்கு சின்னத் துளைகள். கூரையின் முன்விளிம்பில் விரலால் தடவினால் தெரிகிற ஒரு மேடு. எங்கே தொடங்குவது?

மண்சாலை

‘பாதை பார்த்த வண்டி’ என்று சொன்ன உடனேயே நீங்கள் சட்டைப்பையை மூடியிருக்க வேண்டும். மான்டியில் வென்ற மூன்று மினிகளும் (1964இல் 33 இஜேபி, 1965இல் ஏஜேபி 44பி, 1967இல் எல்பிஎல் 6டி) கேடன் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. அவற்றை யாரும் உங்களிடம் விற்க முடியாது. அதனால்தான் கொட்டகையிலிருந்து வருகிற மினியெல்லாம் பாதை பார்த்த வண்டியாகிவிடுகிறது. படம் இருக்காது, பந்தயப் பட்டியலில் பெயர் இருக்காது, பொய் என்று நிரூபிக்கவும் வழியிருக்காது.

ஆனால் டேஷ்போர்டுத் துளைகளை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அவை எதற்கு என்று பாருங்கள்.

பழையதகடு

தம்பி, முதலில் அந்த ‘பிஎல்’லை முடித்துவிடுவோம். பிஎல், ஜேபி, ஆர்எக்ஸ் மூன்றும் பெர்க்‌ஷயர் கவுண்டிக்கு ஒதுக்கிய எழுத்துகள். ஆபிங்டன் அன்றைக்கு பெர்க்‌ஷயரில் இருந்தது, அதனால் அணி வண்டிகளுக்கு அந்த எழுத்துகள். அதே கவுண்டியில் மளிகைக்கடைக்காரர் வாங்கிய வேனுக்கும் அதே எழுத்துகள்தான். எஃப்இவி 1ஹெச் என்ற ஃபோர்டு எஸ்கார்ட் 1970இல் லண்டன்–மெக்சிகோ ராலியை வென்றது என்பதற்காக, எசெக்ஸில் ‘இவி’ எழுத்தோடு பதிவான வண்டியெல்லாம் ஃபோர்டு அணியின் போர்ஹாம் பட்டறையிலிருந்து வந்ததாகிவிடுமா? ‘டி’ என்பது 1966இல் பதிவானது என்று மட்டும்தான் சொல்கிறது.

இனி உங்கள் லாக் புத்தகம். அந்தக் காலத்தில் பதிவை வைத்திருந்தது உள்ளூர்க் கவுன்சில். உரிமையாளர் மாறினாலும், என்ஜினை மாற்றினாலும், நிறத்தை மாற்றினாலும் அந்தப் புத்தகத்தில் எழுதி முத்திரை வைப்பார்கள். 1970களில் எல்லாம் சுவான்சீயில் இருந்த மைய அலுவலகத்துக்குப் போனது. அதன்பிறகு பல கவுன்சில்கள் பழைய பேரேடுகளை எரித்தன, சில ஆவணக் காப்பகங்களுக்குக் கொடுத்தன. உங்கள் எண் இருந்த பேரேடு பிழைத்திருந்தால் கிழிந்துபோன பெயர் கிடைக்கும். கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். சுவான்சீ வைத்திருக்கும் பதிவுகளைக் கேட்க வி888 என்ற படிவம் இருக்கிறது.

‘சிவப்பு’ என்று எழுதியதற்குப் பக்கத்தில் முத்திரை இருக்கிறதா? அதில் என்ன தேதி? கேள்வியில் நீங்கள் எழுதாமல் விட்டது இது ஒன்றுதான், முக்கியமானதும் இதுதான்.

அடுத்து, கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தரும். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் கட்டிய தேதி, என்ஜின் எண், நிறம், எந்த டீலருக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் வரும். உங்கள் என்ஜின் எண் எப்படித் தொடங்குகிறது? 1275 எஸ் என்ஜினுக்கு 9எஃப்-எஸ்ஏ-ஒய் என்று வர வேண்டும்.

ரிவெட்டைப் பற்றி. இந்த மினிகளில் எண் இருப்பது தகட்டில்தான். இரண்டு ரிவெட்டைக் கழற்றினால் ஒரு வண்டியின் பெயர் இன்னொரு வண்டிக்குப் போய்விடும். அதற்காகப் புது ரிவெட் என்றாலே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். பெயிண்ட் அடிக்கக் கழற்றியும் இருக்கலாம். தகட்டை மெல்ல எடுத்து அடியில் என்ன நிறம் என்று பாருங்கள். அங்கே முதலில் பச்சையும் அதன்மேல் சிவப்பும் இருந்தால், சிவப்பு அடித்த கையே தகட்டையும் கழற்றி மாட்டியிருக்கிறது.

தொழிற்சாலை அணி வண்டிகளிலேயே இந்தக் குழப்பம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராலி வண்டி உருளும், முறுக்கிக்கொள்ளும். மெக்கானிக் புதுப் பாடியை எடுத்து, நல்ல பாகங்களை அதில் ஏற்றி, பழைய எண்ணையே மாட்டிவிடுவார். எல்லையைக் கடக்கும்போது சுங்கப் பத்திரத்தில் என்ன எண் இருந்ததோ அதே எண்ணோடுதான் வண்டி திரும்ப வேண்டும், அதனால் எண்ணை விட்டுவிட முடியாது. ஆகவே ஒரே எண்ணுக்கு இரண்டு, மூன்று உடல்கள் இருந்திருக்கலாம். நாற்பது வருடம் கழித்து அவற்றில் இரண்டு கொட்டகைகளிலிருந்து வெளியே வரும், இருவரும் சத்தியம் செய்வார்கள். ஒருவிதத்தில் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

டியெப்நீலம்

நான் தேடுவது பிரெஞ்சு வண்டிகளை, அங்கே தலைவலி வேறு வகை. இங்கிலாந்தில் யாரும் எண்ணை வேறு வண்டிக்கு மாற்றாதவரை அது வண்டியோடேயே இருக்கும். பிரான்சில் 2009 வரை, வேறு டிபார்ட்மெண்டில் (நம் மாவட்டம் மாதிரி) இருப்பவர் வாங்கினால் புது எண். ஆல்பைன் ஏ110 டியெப்பில் கட்டப்பட்டது, அது செயின்-மாரிடீம் டிபார்ட்மெண்ட், எண்ணின் முடிவில் 76. அதனால் பழைய படத்தில் 76இல் முடிகிற வண்டி இன்று வேறு எண்ணோடு நின்றால் நான் பதறுவதில்லை. மாறாக, ஐம்பது வருடம் கைமாறிக்கொண்டே வந்த வண்டியில் இன்னும் அதே 76 மாட்டியிருந்தால்தான் கார்ட் கிரீஸை (பிரெஞ்சுப் பதிவுச் சான்றை) காட்டு என்பேன்.

இரட்டைத்தொட்டி

பழையதகடு ஐயாவுக்கு நன்றி. ஏழு வாரம் ஆயிற்று, வரிசையாகச் சொல்கிறேன்.

நிறமாற்ற முத்திரையின் தேதி 1972. ஆபிங்டன் போட்டிப் பிரிவை 1970இலேயே மூடிவிட்டார்கள். ஆக இந்தச் சிவப்பு அணியின் சிவப்பு இல்லை.

சான்றிதழும் வந்தது. ஆல்மண்ட் கிரீன், வெள்ளைக் கூரை, பெர்க்‌ஷயரில் ஒரு டீலருக்கு அனுப்பியது. என்ஜின் எண் லாக் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது, வண்டிக்குள் இருக்கும் என்ஜினோடு ஒத்துப்போகவில்லை. இப்போது இருப்பது எஸ் என்ஜினே இல்லை. இந்த வரியை எழுதும்போதும் கை நடுங்குகிறது. தகட்டுக்கு அடியில் நீங்கள் சொன்னபடியே பச்சை, அதன்மேல் சிவப்பு. வலதுபக்க இரண்டாவது தொட்டியின் மூடிக்கான ஓட்டை ஒழுங்காக இருக்கிறது, அங்கும் அடியில் பச்சைதான். 1966 எஸ் வண்டிக்கு இரட்டைத் தொட்டி இருந்தாக வேண்டும் என்பதால் பாடியாவது அசல் என்று எடுத்துக்கொண்டேன்.

டேஷ்போர்டுத் துளைகள் ராலியில் ஓடிய தூரத்தை அளக்கும் ஹால்டா தூரமானிக்கு என்று ஒருவர் அளந்து சொன்னார். அவர் வழியாக ஒரு மோட்டார் கிளப்பின் பழைய படப் பெட்டியைப் பார்க்கக் கிடைத்தது. நூற்றுக்கணக்கான படங்கள், பாதிக்கு மேல் இருட்டும் சேறும்தான். ஒன்றில் என் எண். கறுப்பு வெள்ளைப் படம், ஆனால் உடல் அணியின் சிவப்பைவிட வெளிர். ஓடைக்குள் முன்சக்கரம் இறங்கியிருக்கிறது. கூரையில் உள்ளேயிருந்து திருப்புகிற விளக்கு. அந்த விளக்கு நட்டநடுவில் இல்லை, இரண்டு விரற்கடை இடதுபக்கம் தள்ளி இருக்கிறது. ஓடிப்போய் என் கூரையைத் தடவினேன். மேடும் இரண்டு விரற்கடை இடதுபக்கம்.

சொந்தக் காசில் வாரக்கடைசியில் ராலி ஓட்டிய யாரோ ஒருவரின் வண்டி. பச்சைக்கே திரும்பப்போகிறேன். கூரை மேட்டில் பழைய விளக்குத் துளையை அடைத்திருக்கும் ஈயத்தை எடுத்துவிட்டு அந்தத் துளையிலேயே விளக்கை மாட்டலாமா?

மண்சாலை

விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டீர்களா?

இரட்டைத்தொட்டி

கேட்டேன். “நான் கேள்விப்பட்டதைத்தான் சொன்னேன்” என்றார்.

பழையதகடு

ஈயத்தின்மேல் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். முதலில் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து மேலிருந்தும் உள்ளிருந்தும் படம் எடுங்கள். உள்கூரைத் துணியை இறக்கினால் துளையின் உதட்டில் பச்சைப் பெயிண்ட் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று தெரியும். சிவப்பு அடித்ததற்கு முன்பே துளை போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பெயிண்ட் அடிப்பவரிடம் விட்டால் அரை மணி நேரத்தில் போய்விடும்.

அந்தப் படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா? கிளப்காரர்கள் பென்சிலால் எழுதி வைப்பார்கள்.