மோனோடைப்: தமிழில் என்ன சொல்லலாம்?

பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகாவின் நடன ஓவியங்களை எல்லோருக்கும் தெரியும். 1870களின் நடுவில் தொடங்கி அவர் செய்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட மோனோடைப் படங்களைப் பற்றி எழுதப் புகுந்தால் சொல் கிடைக்காமல் இடறுகிறது. அதே பெயரில் எழுத்து வார்க்கும் எந்திரம் ஒன்றும் இருந்ததால் ஒலிபெயர்ப்பு குழப்பும். ‘ஒருபடி அச்சு’ என்று முன்மொழிகிறேன். தகட்டில் கீறலோ அமில அரிப்போ கிடையாது. வழுவழுப்பான பரப்பில் மையால் வரைந்து, ஈரத்தாளை விரித்து உருளை அச்சில் ஓட்டினால் மை தாளுக்குப் போய்விடும். ஆகவே ஒரே படி.

> ஆகவே ஒரே படி.

இதை ஒப்ப முடியவில்லை, ஐயா. முதல் தாள் பெரும்பகுதி மையை எடுத்துக்கொண்டாலும் தகட்டில் மெல்லிய படலம் மிஞ்சும். டெகா பல தகடுகளில் இரண்டாவது தாளையும் ஓட்டினார். அந்த மங்கலான படியின் மேல் பாஸ்டல் என்னும் வண்ணக்கட்டியால் தீட்டுவார். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள ‘நட்சத்திரம்’ (சுமார் 1876) பாஸ்டல் ஓவியத்துக்கு அடியில் இருப்பதும் மோனோடைப்தான். படிகளின் எண்ணிக்கையைப் பெயரில் வைத்தால் அவருடைய சிறந்த வேலைகளே வரையறைக்கு வெளியே போய்விடும்.

செய்முறையை வைத்துப் பெயரிடுவோம். டெகாவே இவற்றை ‘நெய்மையால் வரைந்து அச்சிட்ட சித்திரங்கள்’ என்ற பொருளில்தான் குறித்தார். ‘மைப்படி’ பொருந்தும், ஆனால் கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி எடுக்கும் நகலுக்குக் கல்வெட்டுத் துறை அதை எடுத்துக்கொண்டுவிட்டது. என் பரிந்துரை ‘ஒற்றோவியம்’. இரண்டாவது தாளில் வருவது ‘எச்ச ஒற்று’.

> ‘ஒற்றோவியம்’

அருமையான சொல், அம்மா. ‘ஒற்று’ இலக்கணத்தில் மெய்யெழுத்து ஆயிற்றே என்ற தயக்கம் வேண்டாம். ஈரத்தை ஒற்றியெடுப்பது அன்றாடப் பேச்சு.

இரண்டு வகைக்கும் பெயர் வேண்டும். தகடு முழுக்கக் கறுப்பு மை பூசி, துணியாலும் விரலாலும் தூரிகைக் காம்பாலும் துடைத்து வெளிச்சத்தை வெளியே கொண்டுவருவது ‘துடைமுறை’. டெகா தன் ஓவிய நண்பர் லெப்பிக்கோடு சேர்ந்து செய்து இருவரும் கையொப்பமிட்ட ‘நடன ஆசிரியர்’ இவ்வகை. வெறுந்தகட்டில் நேரே வரைவது ‘தீட்டுமுறை’. இதில்தான் அதிகம் கெடும்: மை தடித்தால் உருளையின் அழுத்தத்தில் கோடு பிதுங்கிப் பரவும். தாளில் தண்ணீர் பளபளத்தால் எண்ணெய் மை பிடிக்காது. காய்ந்திருந்தால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அதனால் நனைத்த தாளை உறிஞ்சுதாளில் வைத்து மேலீரம் போக்கியே ஓட்ட வேண்டும். எந்த முறையானாலும் படம் இடவலம் மாறி வரும்.

வரையறையில் ‘கறுப்பு மை’ என்று கட்டிப்போட வேண்டாம். 1890இல் பர்கண்டிப் பயணத்தின்போது தொடங்கிய நிலக்காட்சி ஒற்றோவியங்களில் டெகா எண்ணெய் வண்ணமே பயன்படுத்தினார். 1892இல் பாரிஸில் துராண்ட்-ருயல் என்ற ஓவிய வணிகரின் கூடத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். மலையா, பெண்ணுடலா என்று பிரிக்க முடியாத வண்ணக்கறைகள் அவை. அவர் படைப்பிலேயே மிகத் துணிச்சலானவை என்பேன்.

> வரையறையில்

இப்படி வைக்கலாம்: ‘கீறலற்ற பரப்பில் மையாலோ வண்ணத்தாலோ வரைந்து, உலருமுன் தாளில் ஒற்றியெடுத்த படம்.’ கீறிய தகட்டில் ஒவ்வொரு முறையும் மையை மாற்றிப் பூசி எடுக்கும் மோனோபிரிண்ட் இதில் சேராது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.