கூலண்ட் சூடு மைனஸ் 40 என்று காட்டுகிறது: சென்சாரா, வயரா, ஈசியூவா?

ஈசூன்வாசி:
வணக்கம். 9 வருடப் பழைய 1.5 லிட்டர் பெட்ரோல் கார். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. பெட்ரோல் போட்டுவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் முக்கி முனகித்தான் பிடிக்கிறது, பின்னால் ஒரே பெட்ரோல் வாடை. ப்ளூடூத் ஸ்கேனரில் பி0118 என்று பிழைக் கோடு. கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மைனஸ் 40 டிகிரியாம், அதுவும் சிங்கப்பூரில்! கார்பார்க் மேட்டில் ஏறி இறங்கினால் திடீரென்று 88க்குத் தாவும், மறுபடி மைனஸ் 40. வொர்க்‌ஷாப்பில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவையே மாற்றணும் என்கிறார்கள். சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமை) முடிய ஒரு வருடம்தான் இருக்கிறது, அவ்வளவு செலவு செய்ய மனசில்லை. சென்சார் மட்டும் மாற்றினால் போதுமா?

பழைய ஸ்பானர்:
தம்பி, ஈசியூவும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள்.

மைனஸ் 40 என்பது யாரும் அளந்த சூடே இல்லை. சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். ஈசியூ தன்னுள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுத்து, அந்த வயரில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்க்கும். சுற்று எங்காவது அறுந்தால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும், கடுங்குளிர் என்று அது எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறது. சூடு தெரியாத நிலையில் எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனையும் ஓடவிடுகிறது.

எஞ்சின் ஆறியதும் சாவியை ஆனில் மட்டும் வையுங்கள். சென்சார் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். ஸ்கேனரில் 130, 140 என்று எகிறினால் வயரும் ஈசியூவும் நலம், சென்சார்தான் போயிருக்கிறது. மைனஸ் 40 அசையவில்லை என்றால் சென்சார் மேல் பழி போடாதீர்கள். இரண்டு பின் உள்ள கனெக்டரில் மட்டும் இதைச் செய்யுங்கள். அப்புறம் மல்டிமீட்டரில் சென்சாரின் தடையையும் பாருங்கள். பல ஜப்பான் கார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும்.

ஜூரோங் டிரைவர்:
நம்ம ஊர் வெயிலுக்கு, கூலண்ட் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாத தெர்மோஸ்டாட்டே தேவையில்லை. அதைக் கழற்றிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

பழைய ஸ்பானர்:
கழற்றினால், எஞ்சின் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று பி0128 என இன்னொரு கோடு வரும், அவ்வளவுதான். வெளியே 32 டிகிரி அடித்தாலும் எஞ்சினுக்கு 80க்கு மேல் வேண்டும். இந்தக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஈசூன்வாசி:
காலையில் பார்த்தேன் அண்ணே. சென்சார் 1.8 கிலோஓம். முனைகளை இணைத்தும் மைனஸ் 40 அசையவில்லை. ஆனால் கனெக்டருக்குப் பின்னால் வயரை விரலால் லேசாக வளைத்ததும் 140, விட்டால் மறுபடி மைனஸ் 40.

பழைய ஸ்பானர்:
அப்போ ஈசியூ பிழைத்தது. காலை நேரச் சூட்டுக்கு 1.8 சரியான அளவு, சென்சாரும் நலம். வயரின் மேலுறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். எஞ்சின் அதிர்வில் கனெக்டர் ஓரமாக இப்படி அறுவது சகஜம். கொஞ்சம் வயரோடு சேர்ந்த கனெக்டராகவே கிடைக்கும், காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் கேட்டுப் பாருங்கள். இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் வராதபடி முன்னும் பின்னுமாக வெட்டி, ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். வெறும் டேப் சுற்றினால் எஞ்சின் சூட்டில் பிசின் இளகி அவிழ்ந்துவிடும். சென்சாரைக் கழற்ற வேண்டியதில்லை, கூலண்டும் சிந்தாது.

ஈசூன்வாசி:
மாற்றியாச்சு! ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கூலண்ட் 28, உள்ளே வரும் காற்று 29. ஓடும்போது 88லேயே நிற்கிறது. பி0118 கோடு அழித்தேன், திரும்ப வரவில்லை. சனிக்கிழமை ஜோகூர் போகலாமா?

பழைய ஸ்பானர்:
ஒன்று பாக்கி. இத்தனை நாள் ஃபேன் ஓயாமல் ஓடியதால், தேவைப்படும்போது தானாக ஓடுமா என்று இனிமேல்தான் தெரியும். ஏர்கான் போட்டால் ஃபேனும் கூடவே ஓடிவிடும், அதனால் ஏர்கானை அணைத்துவிட்டுப் பாருங்கள். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டால் இங்கே அபராதம் வேறு. சாயங்காலம் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் கூட யாராவது உட்கார்ந்து ஸ்கேனரைக் கவனிக்கட்டும். 90ஐத் தாண்டி ஏறி, ஃபேன் ஓடியதும் இறங்க வேண்டும். 100ஐத் தாண்டியும் ஓடவில்லை என்றால் உடனே ஏர்கானைப் போட்டு ஓரம் கட்டுங்கள், அடுத்துப் பார்க்க வேண்டியது ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ஃபேன் ரிலே. ஜோகூர் போகும் காஸ்வே வரிசையில் நின்றுகொண்டு இந்தச் சோதனை வேண்டாம்.