டேங்க் அலாரம் பத்து நாள்ல ஊமையாயிடுச்சு, ஏன்?

காட்பாடி அப்பா:
மோட்டார் போட்டுட்டு மறந்துடறோம்ங்க, தண்ணி வழிஞ்சு பக்கத்து வீட்டு அக்கா காய வச்ச வடாம் மொத்தமும் போச்சு, அதைப் பாத்துட்டு எட்டாவது படிக்கிற என் பொண்ணு 9 வோல்ட் பேட்டரி, பஸ்ஸர், பிசி547 டிரான்சிஸ்டர் வச்சு அலாரம் செஞ்சா. பத்து நாள் நல்லா கத்துச்சு. இப்ப சத்தமே இல்ல, பேட்டரியும் புதுசு.

சத்துவாச்சாரி வயர்மேன்:
டேங்க் உள்ள விட்ட காப்பர் கம்பிய எடுத்து பாருங்க சார், பச்சையா பூத்திருக்கும். போர் தண்ணி உப்பு வேற, பேட்டரியோட டிசி கரண்ட் போனா பிளஸ் பக்க கம்பிய அரிச்சிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ ரெண்டு போடுங்க, டேங்க் நிரம்புற மட்டத்துல மட்டும் தண்ணி படணும்.

ஆரணி டீச்சர்:
இத அப்படியே இன்ஸ்பயர் மானக்குக்கு (ஸ்கூல் பசங்களோட புது ஐடியாவுக்கு மத்திய அரசு குடுக்கிற விருது) ஸ்கூல் மூலமா அனுப்ப சொல்லுங்க, செலக்ட் ஆனா 10,000 ரூபா பாப்பா அக்கவுண்டுக்கே வரும். ஆனா வெறும் அலாரம் நிறைய பேர் செஞ்சிட்டாங்க, உப்புத்தண்ணி மேட்டர சேத்து எழுதணும். திருவண்ணாமலை ஸ்கூல் பொண்ணு வினிஷா சோலார் இஸ்திரி வண்டிய வச்சு 2021ல கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுல பேசுச்சே, அந்தப் பொண்ணும் நம்ம பழைய வட ஆற்காடு மாவட்டம் தான்!

காட்பாடி அப்பா:
பாத்தேன் வயர்மேன், ஒரு கம்பி பாதிய காணோம் 😄