லாகோஸின் மொபோலாஜி ஜான்சன்: நல்ல நிர்வாகியா, திருடாதவர் மட்டுமா?

கடலோரன்:
நைஜீரியாவில் 1975 ஜூலை 29 ஆட்சிக் கவிழ்ப்பில் வந்த முர்தலா முகமது, அதுவரை நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர் கோவோன் காலத்து 12 மாநில ஆளுநர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சொத்து விசாரணை வைத்தார். பத்துப் பேர் மாட்டினார்கள். தப்பியவர்கள் இரண்டே பேர்: மேற்கு மாநிலத்தின் ஒலுவோலே ரொட்டிமி, லாகோஸின் மொபோலாஜி ஜான்சன். துறைமுகம், அன்றைய தலைநகரம் எல்லாம் இருந்த மாநிலத்தில் எட்டு வருடம் இருந்தும் கறைபடாமல் வெளியே வந்தவர் ஜான்சன். ராணுவ ஆளுநர் என்றாலே எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவது நியாயமா?

சிவப்புமை:
துறைமுகம் மத்திய அரசிடம் இருந்தது, அவரிடம் இல்லை. அது கிடக்கட்டும். திருடாமல் இருந்ததற்கெல்லாம் மாலை போடுவீர்களா? 1967 மே 27 அன்று கோவோன் நாட்டை 12 மாநிலங்களாகப் பிரித்து, 31 வயது அதிகாரியை லாகோஸில் உட்கார வைத்தார். ஒரு ஓட்டு கூட விழவில்லை. 1976இல் சிவில் ஆட்சி வரும் என்ற வாக்குறுதியை 1974 அக்டோபரில் கோவோன் கைவிட்டபோதும் ஜான்சன் பதவியில்தான் இருந்தார்.

இன்னொன்று. 1973இல் ரிவர்ஸ் மாநிலத்தில் மினெரே அமாக்கிரி என்ற பத்திரிகையாளர் ஆசிரியர்களின் குறைகளைப் பற்றி எழுதினார். அது ஆளுநரின் பிறந்தநாளில் அச்சாகிவிட்டது. அவரைப் பிடித்துத் தலையை மழித்து, 24 பிரம்படி கொடுத்தார்கள். நீங்கள் சொல்லும் ராணுவ ஆட்சி இதுதான்.

கடலோரன்:
அது ரிவர்ஸ். ஜான்சன் மேல் அப்படி ஒரு சம்பவம் இருந்தால் சொல்லுங்கள், பேசலாம்.

பூங்கோதை:
இருவருக்கும் ஒரு சின்ன நினைவூட்டல். அந்த மாநிலமே பல பகுதிகளை ஒட்டுப்போட்டு உருவாக்கியது. ஏற்கெனவே இருந்த லாகோஸ் தலைநகரப் பகுதியோடு, மேற்கு மண்டலத்திலிருந்து இகேஜா, பாடாக்ரி, இகோரோடு, எபே பகுதிகளைச் சேர்த்தார்கள். ஒரு பக்கம் நெரிசல் நகரம், இன்னொரு பக்கம் காயலை நம்பி மீன் பிடிக்கும் ஊர்கள். சில வாரங்களில், கிழக்குப் பகுதி தனிநாடாகப் பிரிய முயன்ற பியாஃப்ரா உள்நாட்டுப் போர் வேறு வந்துவிட்டது. ஜான்சனுக்கு ஊர் புதிதில்லை என்பது ஒரு வசதி. 1966இல், கோவோனுக்கு முந்தைய ராணுவ ஆட்சியாளர் இரோன்சி காலத்திலேயே தலைநகரப் பகுதியின் நிர்வாகியாக இருந்தவர்.

சிவப்புமை:
சரி, ஓய்வுக்குப் பிறகு ஜூலியஸ் பெர்கர் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்தாரே? லாகோஸில் பாலமும் சாலையும் போட்ட நிறுவனம். குற்றம் என்று சொல்லவில்லை. பார்க்க நன்றாக இல்லை என்கிறேன்.

கடலோரன்:
அந்த நிறுவனம் லாகோஸில் கட்டிய எக்கோ பாலத்தின் ஒப்பந்தம் 1965இல் போட்டது. அப்போது லாகோஸ் மாநிலமே கிடையாது. அதுவும் மத்திய அரசின் வேலை. அப்புறம், அவரைச் சுத்தமானவர் என்று சொன்னது அவரைத் தூக்கி எறிந்த அதே அரசு. சலுகை காட்ட அதற்கு என்ன அவசியம்?

சிவப்புமை:
1971இல் லாகோஸின் பார் பீச்சில் கொள்ளைக்காரர் ஓயெனுசியைக் கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். கடற்கரையில் வேடிக்கை பார்க்கக் கூட்டம். இதற்கும் மத்திய அரசின் ஆணை என்பீர்கள். உண்மைதான். ஆனால் துறைமுகம் மத்திய அரசு, பாலம் மத்திய அரசு, துப்பாக்கியும் மத்திய அரசு என்றால் ஜான்சன் செய்தது என்று எதைக் காட்டுவீர்கள்?

கடலோரன்:
ஒரு மாநில நிர்வாகத்தை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எழுப்பினார். அது புகைப்படத்தில் விழாது. பின்னால் வந்த சிவில் ஆட்சிக் காலத்தில்தான் ஒனிக்கன் ஸ்டேடியத்துக்கும் எபூட்டே மெட்டா ரயில் நிலையத்துக்கும் அவர் பெயரை வைத்தார்கள்.

பூங்கோதை:
பெயர்ப்பலகையை விடுங்கள், லாகோஸ் விமான நிலையத்துக்கு முர்தலா பெயர்கூட இருக்கிறது. பள்ளிகளைப் பாருங்கள். 1979இல் தேர்தலில் ஜெயித்து லத்தீஃப் ஜக்காண்டே லாகோஸ் ஆளுநராக வந்தபோது, லாகோஸ் பிள்ளைகள் காலை ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று ஷிப்ட் முறையில் படித்துக்கொண்டிருந்தார்கள். எளிய கட்டடங்களை மளமளவென்று எழுப்பி அந்த ஷிப்ட் முறைக்கு முடிவு கட்டியவர் ஜக்காண்டே. கடலோரன், போர் 1970 ஜனவரியில் முடிந்தது. 1973க்குப் பிறகு எண்ணெய்ப் பணமும் வந்தது. ராணுவ ஆட்சியில் இது ஏன் நடக்கவில்லை என்பதற்கு உங்கள் பதில் என்ன?