காட்டுப் பூவரசு விதையை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது?

கோத்தகிரி நாற்றங்கால்:
வணக்கம். எங்கள் நிலத்தின் ஓரப் புல்வெளியில் நான்கைந்து காட்டுப் பூவரசு, அதாவது ரோடோடெண்ட்ரான் மரங்கள் நிற்கின்றன. சுற்றிலும் சீகை, அதாவது வாட்டில் என்ற வெளிநாட்டு மரம் ஏறிவிட்டதால் கன்று ஒன்றைக்கூடக் காணோம். காய்களைக் காகித உறையில் காயவைத்தால் பழுப்புத் தூசிபோல விதை கொட்டுகிறது, தும்மினால் பறந்துவிடும். செம்மண், மணல், தொழுவுரம் கலந்து பை நிரப்பியிருக்கிறேன். எவ்வளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும்?

குந்தா கிழவன்:
ஊன்றவே கூடாது தம்பி. இது வெளிச்சம் பட்டு முளைக்கும் விதை. நெல்லுக்குள் இருக்கும் கட்டுச்சோறு இதற்குள் இல்லை. மண்ணை முட்டிக்கொண்டு வரத் திராணி கிடையாது.

அந்தப் பைகளைத் தக்காளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் புளிப்பு மண் வேண்டும், தொழுவுரம் ஆகாது. அகலத் தட்டில் இலைமட்கும் மணலும் சலித்துப் போட்டு, நறுக்கிய பாசியை மேலே பரப்பி நனையுங்கள். விதையை மெல்லிய மணலோடு கலந்து தூவி, கண்ணாடியால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். பாசிதான் துளிர்க்கிறது என்று நினைப்பீர்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு இலை இருக்கும்.

உதகை தாவரவியல் மாணவி:
பூவாளி வேண்டாம், விதையெல்லாம் ஓரத்தில் குவிந்துவிடும். தட்டைத் தண்ணீரில் உட்காரவைத்து அடியிலிருந்து ஊறவிடுங்கள். மழைநீர் உத்தமம், சுண்ணாம்பு நீர் இலையை மஞ்சளாக்கும். ஐயா, இணையத்தில் ரோடோடெண்ட்ரான் விதை பொட்டலமாக விற்கிறார்களே, சேர்த்துக்கொள்ளலாமா?

குந்தா கிழவன்:
வேண்டவே வேண்டாம் அம்மா. அது இமயமலைச் சரக்காக இருக்கும், இல்லையென்றால் தோட்டக் கலப்பினம். நம்முடையது நீலகிரிகம் என்ற தென்னகத் துணையினம். இமயத்து உறவுகளை விட்டு ஏறக்குறைய 2000 கிலோமீட்டர் தள்ளி, தனியாக வாழ்ந்து வந்தது. பக்கத்தில் நட்டால் கலந்துவிடும். அப்புறம் எதைக் காப்பாற்றினோம்? உள்ள மரங்கள் அத்தனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். தட்டில் மரத்துக்கொரு சீட்டு எழுதிச் செருகுங்கள். காப்புக்காட்டு மரமென்றால் வனத்துறை அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது.

கோத்தகிரி நாற்றங்கால்:
நன்றி ஐயா. எப்போது நடலாம்?

குந்தா கிழவன்:
முதல் ஆண்டில் இரண்டு விரற்கடை வந்தாலே பெரிது. முளைத்ததும் கண்ணாடியைச் சிறிது சிறிதாகத் திறந்து காற்றுக் காட்டுங்கள், இல்லையேல் நாற்றழுகல் தட்டோடு வாரிக்கொண்டு போகும். நாற்றைப் பெயர்த்து வைக்கும்போது தாய்மரத்தடி மட்கு ஒரு கைப்பிடி சேருங்கள். வேரோடு கூடி வாழும் பூஞ்சை அதில் இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து, ஜூனில் மழை பிடித்ததும் புல்வெளியிலேயே நடுங்கள். உறைபனியைத் தாங்கும் மரம் இது. அதற்குள் சீகையை ஒழித்துவையுங்கள். அதன் விதை மண்ணில் கிடந்து ஆண்டுக்கணக்கில் முளைக்கும். ஒவ்வொரு மழைக்கும் குனிந்து பிடுங்க ஆள் வேண்டும்.