தொடக்கநிலை 5 பையனுக்கு வாய்மொழிப் பயிற்சி: எந்தக் காணொளி, எந்த ஒலிப்பதிவு?

யீஷூன் அம்மா:

வணக்கம். மகன் சிங்கப்பூரில் தொடக்கநிலை 5 படிக்கிறான். எழுத்துத் தேர்வில் எப்படியோ கரையேறிவிடுகிறான், வாய்மொழி என்றால் மட்டும் வாயில் பூட்டு. நானும் கணவரும் வீட்டில் தமிழில்தான் பேசுகிறோம். பதில் ஆங்கிலத்தில் வரும். போன வாரம் பள்ளியில் ஒரு காணொளியைக் காட்டி அதைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். "ஒரு பையன் சாப்பிடுறான். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அடுத்த வருடம் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு.

யூடியூபில் தேடினால் தமிழ்க் கதை, தமிழ்ப் பாட்டு என்று கொட்டிக் கிடக்கிறது. பாதிக்கு மேல் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. யானைப் பொம்மை ஆடுவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஐ அம் லெவன்!" என்கிறான். மீதி சென்னைப் பேச்சு, அவனுக்கு வேகம் பிடிபடவில்லை. மாதச் சந்தா கட்டி ஒரு செயலியும் வாங்கினோம். அதில் வாசிப்பது இயந்திரக் குரல். 'பழம்' என்பதை 'பலம்' என்று சொல்லிக்கொடுக்கிறது. காசு போனதுதான் மிச்சம்.

இணையத்தில் எதைப் பார்க்க வைக்கலாம், எதைக் கேட்க வைக்கலாம்? வேலை முடிந்து வீடு வர ஏழரை ஆகிவிடும். அரை மணிக்கு மேல் அவனோடு உட்கார முடியாது.

தேக்கா தம்பி:

சிஸ்டர், மீவாட்ச் இணையத் தளத்தில் வசந்தம் தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் போட்டு விடுங்க. காசு கட்டாமலே நிறைய பார்க்கலாம். எங்க வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அதுதான் ஓடும். சின்னவ நல்லாவே பேசுறா.

பொங்கோல் டியூஷன் அக்கா:

தம்பி சொல்றது தப்பில்லை, ஆனா உங்க சின்னவ ஏற்கெனவே பேசுற பிள்ளைபோல. பேசாத பிள்ளைக்கு நாடகத்தைப் போட்டுவிட்டால் பார்க்கும், சிரிக்கும், படுக்கப் போய்விடும். வாய்மொழியில் மார்க் வாய்க்குத்தான், கண்ணுக்கு இல்லை.

நான் டியூஷனே தொழிலாக இருப்பவள். அம்மா, முதலில் தேர்வு என்ன கேட்குதுன்னு பாருங்க. பிஎஸ்எல்இ தமிழ் மொத்தம் 200 மதிப்பெண். வாய்மொழிக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20. வாய்மொழியிலும் ரெண்டு பாகம்: ஒரு பத்தியை வாய்விட்டு வாசிப்பது, பிறகு திரையில் ஒரு சிறு காணொளியைப் பார்த்து ஆசிரியரோடு உரையாடுவது. ஆக, மூணு வேலை. மூணுக்கும் மூணு விதமான பொருள் வேணும். எல்லாத்துக்கும் ஒரே சேனலைத் தேடுறதாலதான் பெற்றோருக்கு அலுத்துப் போகுது.

உரையாடலை முதலில் சொல்றேன், உங்க பையனுக்கு அடைப்பு அங்கேதான். பயிற்சிக்கு வேண்டியது நம்ம ஊர்க் காட்சி: அடுக்குமாடி புளோக் கீழ்த்தளம், பெருவிரைவு ரயில், உணவங்காடி நிலையம், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை. சென்னை சமையல் சேனலில் அது கிடைக்காது. நீங்களே எடுங்க. கைப்பேசியில் முக்கால் நிமிஷம் போதும். ஊரார் முகம் விழாமல் எடுங்க, நடிக்க வீட்டு ஆட்கள் இருக்காங்க.

என்னிடம் வரும் ஒரு பையனுக்கு நான் வச்சிருக்கிறது இப்படி ஒண்ணு: உணவங்காடி மேசையில் சாப்பிட்ட தட்டும் கிண்ணமும் அப்படியே கிடக்கு, மைனா ஒண்ணு வந்து மீஹூனைக் கொத்துது, பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார இடம் தேடுறாங்க. (பாட்டி என் அம்மாதான். சம்பளமாக ஒரு தே தாரிக் வாங்கிக்கிட்டாங்க.) முதல் தடவை சத்தத்தை முழுசா நிறுத்திட்டுப் போடுவேன். சத்தம் இருந்தால் பிள்ளை அதில் கேட்டதையே திருப்பிச் சொல்லும். இல்லாட்டி சொந்தமாக வார்த்தை தேடணும்.

பையன் சொன்னது: "தட்டு இருக்கு. பறவை சாப்பிடுது." நான் திருத்தலை. மைனா வந்த இடத்தில் நிறுத்தி, "இது எப்படி நடந்துச்சு? இதுக்கு முன்னால் யார் அங்கே இருந்திருப்பாங்க?" என்று கேட்டேன். "யாரோ சாப்பிட்டுட்டுத் தட்டை வைக்காமப் போயிட்டாங்க." பாருங்க, முழு வாக்கியம் வந்துடுச்சு. அடுத்து அவன் பக்கம் திருப்பணும்: "நீ போன வாரம் எங்கே சாப்பிட்டே? தட்டை யார் கொண்டு போய் வச்சா?" கடைசியா அவன் கருத்து. உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயம் இல்லையா? "அபராதம் போடுறது சரியா?" என்றேன். சரின்னான். ஏன்னு கேட்டேன். "துப்புரவாளர் தாத்தாவுக்கு முதுகு வலிக்கும்"னான். எனக்கு அது போதும், இதை மனப்பாடமா எழுதிக் கொடுக்க முடியாது.

கண்டது, தன் அனுபவம், தன் கருத்து. இந்த வரிசையில் கேளுங்க. பதில்களைக் கைப்பேசியில் பதிவு பண்ணி அவனுக்கே போட்டுக் காட்டுங்க. எத்தனை "அப்புறம்" வருதுன்னு அவனே எண்ணிச் சிரிப்பான். அடுத்த தடவை பாதி குறையும்.

வாசிப்புக்குக் காணொளி வேண்டாம், நல்ல குரல் போதும். ஒலி 96.8 தமிழ் வானொலிச் செய்தியைக் கேட்க வையுங்க. எடுத்தவுடனே முழுச் செய்தியும் வேண்டாம், வானிலையிலிருந்து ஆரம்பிங்க. நம்ம ஊரில் "பிற்பகலில் இடியுடன் கூடிய மழை" அடிக்கடி வரும், ரெண்டு வாரத்தில் அறிவிப்பாளரோடு சேர்ந்தே சொல்வான். எங்கே நிறுத்தறாங்க, எங்கே குரல் இறங்குதுன்னு காது பிடிச்சுக்கும்.

ல, ள, ழ பற்றி ஒண்ணு. அந்தச் செயலியைத் தூக்கிப் போட்டது நல்லது. ளகரத்துக்கு நாக்கு நுனி மடிந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு அதே மாதிரி வளையும், ஆனா தொடாது. தொடும் தொடாது, அவ்வளவுதான் வித்தியாசம், வாய்க்குள்ளே நடக்கிறதால் எந்தக் காணொளியிலும் சரியாகத் தெரியாது. 'பள்ளம்', 'பழம்' என்று மாற்றி மாற்றிச் சொல்ல வச்சு, "இப்ப நாக்கு தொட்டுச்சா?"ன்னு கேளுங்க.

கடைசியா, மகனிடம் ஏற்கெனவே இருக்கிறதை மறந்துடாதீங்க. கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளம், 2018லிருந்து எல்லாப் பள்ளிகளிலும் இருக்கு. அவன் கடவுச்சொல்லிலேயே தமிழ்ப் பாடங்கள் திறக்கும். சந்தா கட்டுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை துழாவிப் பாருங்க.

ஜூரோங் அப்பா:

அக்கா சொன்னதற்குக் கருவி வேலை மட்டும் சேர்க்கிறேன்.

யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கினால் சென்னைப் பேச்சும் பிடிபடும். 0.5 வேண்டாம், குடித்தவர் பேசுவதுபோல் இழுக்கும், பிள்ளைகள் அதைத்தான் கேட்டுச் சிரிப்பார்கள். 'ஆட்டோபிளே'யை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது காணொளியில் மைன்கிராஃப்ட் வந்துவிடும்.

ஒலிப்பதிவில் ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க விஎல்சி மென்பொருள் போதும், கணினியில் தொடக்கம், முடிவு இரண்டையும் குறித்தால் அதையே சுழற்றும். ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி மென்பொருள் இருக்கிறது. இரண்டும் இலவசம்.

என் மகளுக்கு நானே கதை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் ஏராளமான கதைகள், நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பதிவு செய்து பகிரலாம். பள்ளிக்குப் போகும் பேருந்தில் காதில் மாட்டிக்கொள்வாள். என் குரல் அறிவிப்பாளர் குரல் இல்லை, சாலையில் லாரி ஹாரன்கூட விழுந்திருக்கிறது. அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: பிள்ளை பேசும் பதிவுகளைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். யார் யாருக்கோ போகும், பிள்ளைக்குத் தெரிந்தால் அப்புறம் வாயே திறக்காது.

செம்பவாங் தாத்தா:

எல்லாரும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்கள். வீட்டில் உயர்நிலைப் பிள்ளைகள் இருந்தால் இதையும் பாருங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979லிருந்து மக்களைப் பேட்டி கண்டு வைத்திருக்கிறது. தமிழிலும் உண்டு. காப்பகத்தின் இணையத்தளத்திலேயே பலவற்றைக் கேட்கலாம், எல்லாம் திறந்திருக்காது. அரை மணி அளவில் துண்டு துண்டாக இருக்கும்.

நான் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவன். அங்கே வேலை பார்த்த அப்பாமார்கள் பேசிய தமிழ் நாடகத்தில் வராது. நடுவில் மலாய்ச் சொல் ஒன்று விழும், ஒரு பெயரை மறந்து யோசிப்பார்கள், இருமுவார்கள். என் பேத்தி இப்படி ஒரு பேட்டியைக் கேட்டுவிட்டு, "தாத்தா, இவர் உங்களை மாதிரியே பேசுறார்" என்றாள். உடனே என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள், அதுவும் தமிழில். தேர்வுக்கு இது நேரடியாக உதவுமா என்று டியூஷன் அம்மணிதான் சொல்லவேண்டும்.

பொங்கோல் டியூஷன் அக்கா:

ஐயா, கட்டாயம் உதவும். தயங்கித் தயங்கிப் பேசுறதும் பேச்சுதான்னு பிள்ளைக்குத் தெரியணும். ஆனா தொடக்கநிலைப் பிள்ளைக்கு அரை மணி தாங்காது, நீங்களே கேட்டு ரெண்டு நிமிஷம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் நல்லது.

யீஷூன் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே மாமியாரை வைத்து மின்தூக்கி வாசலில் ஒரு காணொளி எடுத்தோம்: இரண்டு கையிலும் ஈரச்சந்தைப் பைகள், கதவு மூடப் போகிறது. மகன், "நான் பட்டனை அமுக்குவேன், ஆனா பாட்டி தேங்க் யூ சொல்லணும்" என்றான். ஆங்கிலம் கலந்தாலும் பேசினான்!

அக்கா, ஒரு சந்தேகம். அவன் "போறாங்க", "சொல்றாங்க" என்றுதான் பேசுகிறான். தேர்வில் "போகிறார்கள்" என்று சொல்ல வேண்டுமா? கேட்டல் பகுதிக்கு என்ன செய்வது?

பொங்கோல் டியூஷன் அக்கா:

உரையாடலில் "போறாங்க" தாராளமா சொல்லலாம். 2005ல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்கச் சொல்லுச்சு, அதுக்கப்புறம் பயமே வேண்டாம். எழுத்துத் தமிழில் பேச வச்சால் பிள்ளை ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கிட்டு நிற்கும். கொச்சையும் ஆங்கிலமும்தான் தவிர்க்கணும். வாசிப்புப் பகுதி வேற, அங்கே தாளில் இருக்கிறதை அப்படியே வாசிக்கணும். "தேங்க் யூ"வை நீங்க திருத்த வேண்டாம். அடுத்த காணொளியில் மாமியாரையே "நன்றிப்பா"ன்னு சொல்லச் சொல்லுங்க.

கேட்டலுக்கு, மீடியாகார்ப்பின் 'செய்தி' தளத்தில் வரும் குறும் காணொளி ஒண்ணை எடுத்து, திரையைக் கவிழ்த்து வச்சுட்டு ஒலியை மட்டும் போடுங்க. படம் தெரிஞ்சால் காது தூங்கிடும். யார், எங்கே, ஏன் என்று மூணே கேள்வி. பதில் தெரியலைன்னா நீங்க சொல்லாதீங்க, மறுபடி போடுங்க.

பிஎஸ்எல்இ வாய்மொழி ஆகஸ்ட்டில், கேட்டல் செப்டம்பரில் வரும். இப்பவே ஆரம்பிக்கிறீங்க, தாராளமா நேரம் இருக்கு. வாரத்துக்கு ரெண்டு காணொளி போதும், மற்ற நாளில் வானொலி. சனிக்கிழமை விட்டுடுங்க, பையன் விளையாடட்டும்.